தூய ஆற்றல் ஆய்வுகள்: ஆய்வகத்தைத் தாண்டி வந்தவை எவை, வராதவை எங்கே நிற்கின்றன?

கதிரொளி

வாரத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. ஒரு பல்கலைக்கழகம் பேட்டரியின் கொள்ளளவை மூன்று மடங்காக்கிவிட்டது, இன்னொன்று சோலார் செல்லில் சாதனை படைத்துவிட்டது, வேறொன்று தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதை மலிவாக்கிவிட்டது என்று. கொஞ்ச காலம் கழித்துத் தேடினால் அதே குழு வேறு ஏதோ பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறது. பழையது என்ன ஆனது என்றே தெரிவதில்லை.

பல்கலைக்கழக ஆய்வு வீண் என்று சொல்ல வரவில்லை. இந்தத் துறைமேல் பிடிப்பு இருப்பதால்தான் கேட்கிறேன். ஆய்வகத்தில் பிறந்து, இன்று பரவலாகப் பயன்படும் அளவுக்கு வளர்ந்தவை எவை? அதற்கு எவ்வளவு காலம் ஆனது? மற்றவை எந்த இடத்தில் சிக்கிக்கொள்கின்றன? துறையில் இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சிலிக்கான்மேடு

சோலாரில் இதற்குத் தெளிவான உதாரணம் 'பெர்க்' வகை செல்.

பழைய சிலிக்கான் செல்லில் பின்பக்கம் முழுவதும் அலுமினியம் பூசியிருக்கும். செய்வதற்குச் சுலபம். ஆனால் உலோகமும் சிலிக்கானும் தொடும் இடமெல்லாம், வெளிச்சத்தால் உருவான எலக்ட்ரான்களில் ஒரு பங்கு வெளியே வராமல் அங்கேயே வீணாகிவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் 1983-ல் ஒரு மாற்றத்தை யோசித்தார். பின்பக்கத்தை ஒரு மெல்லிய காப்புப் படலத்தால் மூடிவிட்டு, அதில் சின்னச் சின்னத் துளைகளில் மட்டும் உலோகம் சிலிக்கானைத் தொட்டால் போதும் என்பது அந்த யோசனை. ஆண்ட்ரூ பிளேக்கர்ஸும் அந்தக் குழுவினரும் 1989-ல் 22.8 சதவீதத் திறனுள்ள செல்லைக் காட்டினார்கள்.

அப்புறம்? ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குத் தொழிற்சாலைகள் பழைய அலுமினியப் பூச்சிலேயே ஓடின. பெர்க் தவறான யோசனை என்பதால் அல்ல. தொழிற்சாலை வேகத்தில் அந்தப் படலத்தை மலிவாகப் பூசவும், துளைகளைச் சீராகப் போடவும் வழி இல்லை. 2006 வாக்கில் நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில இடங்களில், சில நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினியம் ஆக்ஸைடு படலம் இந்த வேலைக்கு அற்புதமாகப் பொருந்துகிறது என்று காட்டினார்கள். அணு அடுக்கு அணு அடுக்காகப் பூசும் அந்த முறை முதலில் மிக மெதுவானது. அதை வேகப்படுத்தும் கருவிகள் வந்தன. துளை போட லேசர் வந்தது. 2010-களில் தொழிற்சாலைகள் மாறத் தொடங்கின. 2020 வாக்கில் உலகில் உற்பத்தியான செல்களில் பெரும்பங்கு பெர்க்தான். இப்போது அதையும் 'டாப்கான்' என்ற அடுத்த தலைமுறை செல் ஓரங்கட்டிவிட்டது.

கூரையில் பேனல் வைத்திருக்கும் பலர், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் யோசனையைத் தலைக்குமேல் வைத்திருக்கிறோம் என்றே அறியாமல் இருக்கிறார்கள். காலம் கேட்டீர்கள்: யோசனையிலிருந்து பெரும்பங்கு சந்தை வரை ஏறத்தாழ 35 ஆண்டுகள்.

மேல்காற்று

நல்ல கதைதான், ஆனால் இது தொழிற்சாலைகளின் வெற்றி இல்லையா? விலையை இறக்கியது உற்பத்தியின் அளவு. சோலார் பேனலின் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் குறைந்துவந்திருக்கிறது. பல்கலைக்கழகம் ஒரு கட்டுரை எழுதியது; மீதியை எல்லாம் மற்றவர்கள் செய்தார்கள்.

சிலிக்கான்மேடு

உற்பத்தி அளவால் விலை இறங்கியது உண்மை. ஆனால் அந்த 20 சதவீதம் தானாக இறங்குவதில்லையே. உள்ளே பிரித்துப் பார்த்தால் மெல்லிய சிலிக்கான் தகடு, குறைந்த வெள்ளிப் பசை, கூடிய திறன் என்று நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்கள் இருக்கும். அவற்றில் பல ஆய்வகத்தில் தொடங்கியவை.

இன்னொன்று, பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே போவது கட்டுரை மட்டும் இல்லை, ஆட்களும்தான். சீனாவில் 2001-ல் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கிய ஷி ஜெங்ரோங், மார்ட்டின் கிரீனிடம் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த ஆய்வகத்தில் பயின்றவர்கள் பல சீனத் தொழிற்சாலைகளில் தொழில்நுட்பப் பொறுப்புகளுக்குப் போனார்கள். கட்டுரையைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாததை அவர்கள் கைப்பழக்கமாகக் கொண்டுபோனார்கள். தொழில்நுட்பம் இடம்பெயர்வதில் இதற்கு ஈடான வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஓம்விதி

பேட்டரிகளின் ஆயுளை அளக்கும் ஆய்வில் வேலை செய்கிறேன். என் பக்கத்திலிருந்து ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற பேட்டரிப் பொருள், சுருக்கமாக எல்எஃப்பி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1997-ல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை, இரும்புதான். மலிவு, வெப்பத்தைத் தாங்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. ஆனால் ஒரு பெரிய குறை. அந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்துவதே கிடையாது என்று சொல்லும் அளவுக்கு மோசம். மிக மெதுவாக சார்ஜ் செய்தால் மட்டுமே கொள்ளளவு கிடைத்தது. காருக்கு எப்படி உதவும்?

அடுத்த படி வேறு இடத்தில் நடந்தது. மிஷேல் அர்மானும், கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்திலும் ஹைட்ரோ கியூபெக் என்ற மின் நிறுவனத்திலும் இருந்த ஆய்வாளர்களும் துகள்களின்மேல் மெல்லிய கரிப் பூச்சு கொடுத்தார்கள். எலக்ட்ரான்கள் ஓட வழி கிடைத்தது. இன்னொரு பக்கம், துகளையே நானோ அளவுக்குச் சிறிதாக்கினால் லித்தியம் கடக்க வேண்டிய தூரம் குறையும் என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் யெட்-மிங் சியாங் குழு போன்றவர்கள் காட்டினார்கள். அந்தக் குழுவிலிருந்து 2001-ல் ஏ123 சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. 2012-ல் அது திவாலானது, அதன் சொத்துகளைச் சீனாவின் வான்சியாங் குழுமம் வாங்கியது. அந்த நேரத்தில் எல்எஃப்பிக்கு எதிர்காலம் இல்லை என்று எழுதியவர்கள் நிறைய. 2024-ல் உலக மின்வாகன பேட்டரிச் சந்தையில் ஏறக்குறைய பாதி எல்எஃப்பி.

மேல்காற்று, இதில் 'பல்கலைக்கழகம் எழுதியது, மற்றவர்கள் செய்தார்கள்' என்று எங்கே கோடு போடுவீர்கள்? முதல் பொருள், கரிப் பூச்சு, நானோ துகள் மூன்றிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. கண்டுபிடிப்பதோடு ஆய்வு முடிந்துவிடுகிறது, மீதி வெறும் பொறியியல் என்ற எண்ணம்தான் நம்மை ஏமாற்றுகிறது. கரிப் பூச்சு இல்லாமல் அந்த 1997 கட்டுரை நூலகத்தில்தான் இருந்திருக்கும். ஆனால் பெயர் சொல்லப்படுவது முதல் கட்டுரைக்கு மட்டும்.

ஆயுளை அளப்பதும் அப்படித்தான், வெளியே தெரியாத வேலை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏற்றி இறக்கும்போதும் 99.9 சதவீத லித்தியம் திரும்புகிறது என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருப்பி நிரப்ப மிச்ச லித்தியம் இல்லாத செல்லில் ஆயிரம் சுற்றுக்குப் பிறகு 37 சதவீதம்தான் மிஞ்சும். 99.99 சதவீதம் என்றால் 90 சதவீதம் மிஞ்சும். அந்தக் கடைசி இலக்கம்தான் ஒரு பேட்டரி ஓராண்டில் சாகுமா, பத்தாண்டு உழைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழு இதை மிகத் துல்லியமாக அளக்கும் கருவிகளைத் தாமே கட்டியது. அதனால் பல வருடம் காத்திராமல் சில வாரத் தரவிலேயே எந்த எலக்ட்ரோலைட் (செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவம்) கலவை தேறும் என்று ஊகிக்க முடிந்தது. 2019-ல் அவர்கள் 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டக்கூடிய ஒரு செல்லின் சோதனை முடிவுகளை முழுமையாக வெளியிட்டார்கள், மற்றவர்கள் தங்கள் செல்லை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று. புதிய பொருள் எதையும் அறிவிக்காத கட்டுரை அது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிகப் பயனுள்ள கட்டுரைகளில் ஒன்று.

கதிரொளி

ஓம்விதி, 99.9 கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. அப்படியானால் செய்தியைப் படிக்கும்போது இது தேறுமா, தேறாதா என்று கொஞ்சமாவது கணிக்க முடியுமா? என்னைப் போன்றவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

சிலிக்கான்மேடு

சோலார் என்றால் முதலில் பரப்பளவு. சாதனை படைத்த செல் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டர், சில சமயம் அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஒரு பேனல் சுமார் இரண்டு சதுர மீட்டர், அதாவது இருபதாயிரம் சதுர சென்டிமீட்டர். சின்னச் சில்லில் கரைசலைச் சொட்டிச் சுழற்றிப் பூசுவார்கள். பெரும்பகுதி கரைசல் ஓரத்தில் தெறித்து வீணாகும், நடுவில் மட்டும் அருமையான படலம் நிற்கும். இரண்டு மீட்டர் கண்ணாடியை அப்படிச் சுழற்ற முடியாது. பூசும் முறையையே மாற்ற வேண்டும். முறை மாறினால் படிகம் வளரும் விதம் மாறும், திறன் இறங்கும், மறுபடி முதலிலிருந்து.

ஓம்விதி

பேட்டரியில் நான் பார்ப்பது: எவ்வளவு எலக்ட்ரோலைட் ஊற்றினார்கள், எலக்ட்ரோடு (மின்முனை) எவ்வளவு தடிமன், எத்தனை சுற்று. பொத்தான் அளவு செல்லில் தாராளமாக எலக்ட்ரோலைட்டும், தேவைக்குப் பல மடங்கு லித்தியமும் வைத்தால் எந்தப் பொருளும் நன்றாகவே நடந்துகொள்ளும், இழப்பு வெளியே தெரியாது. ஒரு கிலோவுக்கு இத்தனை வாட் மணி என்று சொல்லும்போது, எதன் ஒரு கிலோ? வினைபுரியும் பொருளின் எடை மட்டுமா, உறை, உலோகத் தாள், எலக்ட்ரோலைட் எல்லாம் சேர்த்தா? லித்தியம் கந்தக பேட்டரியின் கோட்பாட்டு எண் கிலோவுக்கு சுமார் 2600 வாட் மணி. செய்து காட்டப்பட்ட முழு செல்களில் நல்லவை 400-ஐ ஒட்டி நிற்கின்றன.

நீரணு

எலக்ட்ரோ வேதியியல் பக்கமிருந்து ஒன்று சேர்க்கிறேன். இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம்.

உரத்துக்கான அம்மோனியாவை இன்று ஹேபர்-பாஷ் முறையில் செய்கிறோம். அதிக வெப்பம், அதிக அழுத்தம், ஹைட்ரஜனுக்கு இயற்கை எரிவாயு. காற்றிலுள்ள நைட்ரஜனையும் தண்ணீரையும் மின்சாரத்தால் நேரடியாக அம்மோனியாவாக மாற்ற முடிந்தால் எவ்வளவு பெரிய விஷயம்! பல குழுக்கள் முடிந்தது என்று எழுதின. சிக்கல், கிடைத்த அளவு மிக மிகக் குறைவு. அம்மோனியா மனித மூச்சிலும் இருக்கிறது, கையுறையிலும் ஒட்டியிருக்கிறது, நைட்ரஜன் வாயுவிலேயே நைட்ரஜன் ஆக்ஸைடு மாசாகக் கலந்திருக்கிறது. அளந்தது வினையில் உருவானதா, வெளியிலிருந்து ஒட்டியதா?

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2019-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனை வரைமுறையை வெளியிட்டார்கள். நைட்ரஜன்-15 என்ற, எடை சற்றுக் கூடிய நைட்ரஜன் ஐசோடோப்பைச் சுத்தப்படுத்திச் செலுத்து, வெளிவரும் அம்மோனியாவில் அதே ஐசோடோப் அதே அளவில் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் நம்பாதே. அவர்கள் சோதித்தவற்றில் உலோக லித்தியத்தை இடையில் வைத்துச் செய்யும் முறை மட்டும் தேறியது. அதன்பிறகு அந்தத் துறையின் உழைப்பு தேறும் பாதைக்குத் திரும்பியது. எத்தனை மாணவர்களின் ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இதுவும் நடைமுறைக்குக் கொண்டுபோகும் வேலைதான்.

ஹைட்ரஜன் பக்கம் நல்ல செய்தியும் உண்டு. 2022-ல் ஆஸ்திரேலியாவின் வுல்லாங்காங் பல்கலைக்கழகக் குழு ஒரு எலக்ட்ரோலைசர் செல்லை, அதாவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் செல்லை, காட்டியது. வழக்கமான செல்லில் எலக்ட்ரோடின் மேல் வாயுக் குமிழிகள் ஒட்டி நின்று வினையைத் தடுக்கும். இவர்கள் எலக்ட்ரோடை நீரில் மூழ்கடிக்கவில்லை. நுண்துளைத் தடுப்பு ஒன்று கீழேயிருந்து நீரை உறிஞ்சி எலக்ட்ரோடுக்குக் கொடுக்கிறது, அதனால் குமிழியே உருவாவதில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 40.4 கிலோவாட் மணி மின்சாரம் போதும். அந்த ஒரு கிலோவை எரித்தால் கிடைக்கும் மொத்த ஆற்றலே 39.4. ஹைசாட்டா என்ற நிறுவனம் இதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோக முயல்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடும்போது அந்தத் தடுப்பு எப்படித் தாங்குகிறது என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

மேல்காற்று

சரி, கோடு போடுவது கடினம் என்பதை ஏற்கிறேன். ஆனால் என் கேள்வி பணத்தைப் பற்றியது. ஏ123 திவால். எம்ஐடியில் டொனால்ட் சாடோவே தொடங்கிய திரவ உலோக பேட்டரி நிறுவனம் ஆம்ப்ரி 2010-ல் பிறந்து 2024-ல் திவால் மனு போட்டது. இவ்வளவு பொது நிதியும் முதலீடும் போன பிறகு இதையெல்லாம் எப்படி நியாயப்படுத்துவது?

ஓம்விதி

ஆம்ப்ரியின் சிக்கலைப் பாருங்கள், பாடமாக இருக்கும். உலோகங்கள் உருகிய நிலையில் இருக்க செல் 500 டிகிரி செல்சியஸ் அளவில் ஓட வேண்டும். அந்த வெப்பத்தில் பல ஆண்டுகள் காற்றுப் புகாமல் காக்கும் அடைப்பு அவர்களைப் பெரிதும் பின்னுக்கு இழுத்தது. வேதியியல் நன்றாக வேலை செய்தது. அடைப்பு என்பது பேராசிரியர் பதவி உயர்வுக்கு உதவும் தலைப்பு இல்லை, ஆனால் அதில்தான் காலம் போனது. நிறுவனம் தொடங்கி முதலீட்டாளர் கடிகாரம் ஓட ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்விகளைக் கேட்பதைவிட, அதற்கு முன்பே பொறுமையான நிதியில் கேட்டுவிடுவது மலிவு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 2014-ல் தொடங்கிய சைக்ளோட்ரான் ரோடு திட்டம் இந்த இடத்துக்குத்தான். ஆய்வாளருக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகையும் ஆய்வகக் கருவிகளும் கொடுத்து, தொழிலாக்கும் முயற்சியைச் செய்து பார்க்கவிடுகிறார்கள்.

திவாலான நிறுவனத்தோடு அறிவு அழிவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். எல்எஃப்பி அழிந்ததா?

சிலிக்கான்மேடு

காப்புரிமை விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நான் முன்பு இருந்த குழுவின் ஒரு பூச்சு முறையை ஒரு நிறுவனம் தனி உரிமையாக வாங்கியது. பிறகு அவர்களுடைய முன்னுரிமை மாறியது. முறை அப்படியே கிடப்பில் போனது, எங்களால் வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை. உரிமத்தில் 'இத்தனை காலத்துக்குள் இந்த அளவு முன்னேற்றம் இல்லாவிட்டால் உரிமை திரும்பும்' என்ற ஒரு பிரிவு இருந்திருந்தால் போதும். பல பல்கலைக்கழகங்கள் இப்போது இதை வலியுறுத்துகின்றன. வலியுறுத்தாதவை வலியுறுத்த வேண்டும். பொது நிதியில் பிறந்த ஒன்று யாருக்கும் பயன்படாமல் அலமாரியில் கிடப்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

எதிர்த்திசை உதாரணமும் உண்டு. லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு என்ற பேட்டரிப் பொருளை 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப் குழு கண்டுபிடித்தபோது அந்தப் பல்கலைக்கழகம் காப்புரிமை எடுக்க முன்வரவில்லை. ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-ல் அதை வைத்து முழு பேட்டரியை உருவாக்கினார், 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது.

படிகவளர்ப்பு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதுகலை முடிக்கிறேன். பெரோவ்ஸ்கைட் (சிலிக்கானுக்கு மாற்றாகவோ அதன்மேல் அடுக்கியோ பயன்படுத்தும் ஒரு படிக வகை) சோலார் செல்லில் முனைவர் ஆய்வுக்கு இரண்டு ஆய்வகங்கள் இடம் தரத் தயாராக இருக்கின்றன. ஒன்று புதிய கலவைகள் செய்து திறனை உயர்த்தும் குழு, நிறைய கட்டுரைகள். இன்னொன்று ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்கும் குழு, கட்டுரைகள் குறைவு. இந்த இழையைப் படித்த பிறகு இரண்டாவது பக்கம் மனம் சாய்கிறது. அது சரியா? பிறகு வேலை கிடைக்குமா?

சிலிக்கான்மேடு

இரண்டாவதுதான். காரணம் சொல்கிறேன். 2009-ல் ஜப்பானில் மியாசாகா குழு முதலில் செய்த பெரோவ்ஸ்கைட் செல் 3.8 சதவீதம், அதுவும் சிறிது நேரம்தான் தாங்கியது. இன்று தனியாக 26 சதவீதத்துக்கு மேல், சிலிக்கான்மேல் அடுக்கினால் 34-ஐத் தாண்டிவிட்டது. தனிச் சிலிக்கானின் கோட்பாட்டு எல்லையே 29.4 தான். திறனில் பந்தயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2010-ல் பிரிந்து வந்த ஆக்ஸ்ஃபோர்டு பிவி 2024-ல்தான் முதல் வணிகப் பேனல்களை அனுப்பியது. சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது. அதற்கு இணையாக இது நிற்குமா என்பதுதான் தொழில்துறை கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள்.

நீரணு

முடிவெடுக்கும் முன் இரண்டு குழுக்களிடமும் கேளுங்கள்: படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், திறந்தவெளியில் செல்களை வைத்துச் சோதிக்க வசதி இருக்கிறதா, தோற்ற செல்களின் தரவையும் வெளியிடுகிறார்களா. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே ஆய்வகத்தின் குணம் தெரிந்துவிடும்.

படிகவளர்ப்பு

மிக்க நன்றி. இரண்டு குழுக்களுக்கும் இன்றே எழுதுகிறேன். இன்னொரு சந்தேகம். 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்ற சோதனையில் தேறியதாகச் சில கட்டுரைகள் சொல்கின்றன. அது போதாதா?

ஓம்விதி

போதாது. அந்தச் சோதனை சிலிக்கான் பேனல்களுக்காக உருவானது, இருட்டில் நடப்பது. பெரோவ்ஸ்கைட்டில் பெரிய எதிரி வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து வருவது. வெளிச்சத்தில் அயனிகள் படிகத்துக்குள் இடம் மாறும், இருட்டில் ஓரளவு திரும்பி வரும். அதனால் சில செல்கள் பகலில் சரிந்து இரவில் மீளும், வேறு சில தொடர் வெளிச்சத்தில் நன்றாக இருந்துவிட்டுப் பகல் இரவு மாறி மாறி வரும்போது கெடும். பல குழுக்கள் கூடி 2020-ல் 'நேச்சர் எனர்ஜி' இதழில் ஐசாஸ் என்ற பொதுவான ஆயுள் சோதனை முறைகளைப் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஏற்ப விரித்து வெளியிட்டிருக்கிறார்கள். அதில் வெளிச்சம்-வெப்பம் பகுதியையும், வெளிச்சம்-இருட்டு சுழற்சிப் பகுதியையும் முதலில் படியுங்கள். ஆய்வகத்துக்குப் போகும்போது இந்த இரண்டு சோதனைகளுக்கும் கருவி இருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை செல்களை ஏற்ற முடியும் என்று கேட்டு வாருங்கள். நான்கைந்து செல்தான் ஏறும் என்றால் புள்ளியியலுக்கு ஆகாது.